நோவும் நோயும்: கல்முனைக் கரையின் மருத்துவச் சொற்கள்

“மகன், நெஞ்சுக்குள்ள நோகிது. முட்டாவும் இரிக்கி. விடியக்க ரெண்டு தரம் சத்தி எடுத்த.”

சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு மூத்தம்மா வைத்தியசாலைக்குப் போய் இப்படிச் சொன்னால், அந்தக் கரையில் பிறந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. நெஞ்சில் வலி, மூச்சுத் திணறல், அதிகாலையில் இரண்டு முறை வாந்தி. வயதான பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படியும் வரும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று வசனங்களையும் சென்னைத் தமிழ் பழகிய காதால் கேட்டுப் பாருங்கள். ‘சத்தி’ அங்கே வலிமை. ‘முட்டு’ மோதுதல். பாடசாலையில் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்த சிங்கள வைத்தியருக்கோ, பாடப் புத்தகம் கற்றுக்கொடுத்த ‘வலி’யும் ‘வாந்தி’யும் இந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. மூத்தம்மா தெளிவாகத்தான் சொன்னார். கேட்டவருக்கு அந்தச் சொற்களின் பொருள் வேறாக இருந்தது.

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாலையில் கோத்ததுபோல மாறிமாறி வருகின்றன. இங்கே புழங்கும் நோய்ச் சொற்களில் பழந்தமிழ் உண்டு, வடமொழி உண்டு, அரபு உண்டு, ஆங்கிலமும் உண்டு. ஒரே சொல் பல பொருளைச் சுமப்பதும், ஒரே நோய்க்குப் பல சொற்கள் இருப்பதும் இங்கே அன்றாட நிலை. இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவது பெரும் பிழை. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றிலும் உடலைப் பற்றிய ஓர் அவதானிப்பு இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய கடமை மருத்துவத்துக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலக்கணம் முன்பே கண்ட சிக்கல்

தமிழ் இதைப் புதிதாகச் சந்திக்கவில்லை. தொல்காப்பிய எச்சவியல் திரிசொல்லை இரண்டாக வகுக்கிறது: ஒரு பொருளுக்கு வழங்கும் பல சொற்கள், பல பொருளுக்கு வழங்கும் ஒரு சொல். திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்றைப் பலபொருள் தரும் ஒரு சொல்லுக்கென்றே ஒதுக்கியது. புலவனுக்கு இது செல்வம். சிலேடை பாட வேண்டுமானால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தே ஆக வேண்டும்.

நோயாளியின் கட்டிலருகே நிலைமை வேறு. அங்கே ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் எது என்று கேட்டுத் தெளியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. தெளிவதற்கு, அந்த இரட்டைப் பொருள் எப்படி வந்தது என்பதை அறிய வேண்டும். வழிகள் இரண்டு. சில சொற்கள் வேறுவேறு இடங்களிலிருந்து வந்து ஒரே ஒலியில் சேர்ந்துவிட்டவை. வடமொழியில் வாந்தியைக் குறிக்கும் ‘சர்தி’யும் ஆற்றலைக் குறிக்கும் ‘சக்தி’யும் தமிழுக்கு வந்தபோது இரண்டுமே ‘சத்தி’ ஆயின. இலங்கைப் பேச்சில் முதலாவது நிலைத்தது, தமிழ்நாட்டில் இரண்டாவது. புண்ணைக் குறிக்கும் ‘வ்ரண’வும் போரைக் குறிக்கும் ‘ரண’வும் ‘இரணம்’ ஆனதும் இவ்வாறே. இவற்றின் பொருள்களுக்கிடையே உறவு கிடையாது.

மற்றவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இவற்றில்தான் மக்கள் உடலை எப்படி அறிந்தார்கள் என்பது தெரியும்.

வருத்தம், நோ, வலி

இலங்கைத் தமிழில் ‘வருத்தம்’ என்றால் நோய். ‘வருத்தக்காரர்’ நோயாளி. ‘சீனி வருத்தம்’ நீரிழிவு. தமிழ்நாட்டில் அதே சொல் மனத்துயரத்தையும் மன்னிப்புக் கேட்கும் உணர்வையும் குறிக்கிறது. வருந்துதல் என்ற வினையில் உடல் படும் பாடும் மனம் படும் பாடும் ஒன்றாகவே இருந்தன. கடலுக்கு இந்தப் பக்கம் உடலும் அந்தப் பக்கம் மனமும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. எங்களூரில் மனத்துயரத்துக்குக் ‘கவலை’ என்ற சொல் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல நாடுகளிலிருந்து மருத்துவக் குழுக்கள் இந்தக் கரைக்கு வந்தன. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயிடம் தமிழ்நாட்டுத் தமிழில் ‘உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இல்லை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்றுதான் பதில் வரும். அவர் சொல்வது காய்ச்சலோ இருமலோ இல்லை என்பதை. கேட்டவர் குறித்துக்கொள்வது துயரம் இல்லை என்று. இருவரும் தமிழ் பேசுகிறவர்களாக இருப்பதால் தவறு நடந்தது தெரியாமலே போய்விடும். அந்நிய மொழியாக இருந்தால் இருவருமே விழிப்பாக இருந்திருப்பார்கள். பொதுச் சொல்லின் ஆபத்து இதுதான்.

‘நோ’ இன்னும் பழைய வேர். நோதல், நோவு, நோய் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சங்க அகப்பாடல்களில் ‘நோய்’ பிரிவுத் துயரையும் குறிக்கும். கல்முனைப் பேச்சில் தலை ‘நோகும்’, வயிறு ‘நோகும்’, கேட்ட சொல்லால் மனமும் ‘நோகும்’. உணர்பவர் சொல்வது நோவு. மருத்துவர் பெயரிடுவது நோய். நோயாளி அறிகுறியைச் சொல்கிறார், மருத்துவர் அதிலிருந்து காரணத்தைத் தேடுகிறார் என்ற நவீன மருத்துவத்தின் அடிப்படைப் பிரிவு ஒரே வேரின் இரண்டு கிளைகளில் தமிழில் முன்பே கிடக்கிறது.

தமிழ்நாடு ‘வலி’ என்று சொல்லும் இடத்தில் நாங்கள் ‘நோ’ என்கிறோம். எங்கள் காதில் ‘வலி’ என்றதும் ‘காக்கை வலி’யும் நினைவுக்கு வரும். கை கால் இழுத்து உணர்விழக்கும் அந்த நோயைத் தமிழ்நாட்டில் காக்காய் வலிப்பு என்பார்கள். வலித்தல் என்றால் இழுத்தல். தோணி வலித்தல் என்றால் துடுப்புப் போடுதல். தசை தானாக இழுத்துக்கொள்வது வலிப்பு, அந்த இழுப்பின் வேதனை வலி. ‘புள்ளைக்கு வலி வந்த’ என்று ஓர் உம்மா ஓடிவந்தால், எங்கே வலி என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கலாம்.

நெஞ்சும் ஈரலும்

உடலுறுப்புகளின் பெயர்களிலும் இதே நிலை. ‘நெஞ்சு’ மார்பு, இருதயம், மனம் மூன்றையும் தொடும். ‘நெஞ்சு எரியிது’ என்பது பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலேறுவது. ‘நெஞ்சு அடைக்கிது’ என்பதில் இருதயமும் இருக்கலாம், துக்கமும் இருக்கலாம். முஸ்லிம் வீடுகளில் இதற்குள் ஒரு தெளிவு உண்டு. அரபிலிருந்து வந்த ‘கல்பு’ ஈமான் என்னும் இறைநம்பிக்கையும் அன்பும் குடியிருக்கும் உள்ளத்தைச் சுட்டும். கல்பு நொந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கத் தேவையில்லை, உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். நெஞ்சு நோகிறவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கத் தாமதிக்கக் கூடாது.

‘ஈரல்’ என்ற சொல்லுக்கு அடைமொழி சேர்த்து மூன்று உறுப்புகளைப் பிரிக்கிறோம்: கல்லீரல், நுரையீரல், மண்ணீரல். பெயர் வைத்தவர்கள் அறுத்த மிருகத்தின் உள்ளுறுப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் என்பது தெரிகிறது. ஒன்று கல்லாகக் கனத்தது, ஒன்று நுரையாக மென்மையானது. ஆனால் அன்றாடப் பேச்சில் அடைமொழி உதிர்ந்துவிடும். ‘ஈரல்ல பழுதாம்’ என்று வீட்டார் சொல்லும்போது அது இருமும் நோயா, கண் மஞ்சளாகும் நோயா என்று தெரியாது. கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

‘பித்தம்’ மூன்று மருத்துவங்களின் சந்தி. ஆங்கில மருத்துவத்தில் அது கல்லீரல் சுரக்கும் நீர். சித்த, ஆயுர்வேத மரபில் வாதம், கபத்தோடு சேர்ந்து உடலை நடத்தும் மூன்றில் ஒன்று. யூனானி நான்கு கலவைகளைப் பேசும். அவற்றில் ‘ஸஃப்ரா’ என்ற மஞ்சள் பித்தமும் ‘ஸவ்தா’ என்ற கரும்பித்தமும் வேறுவேறு. வீட்டுப் பேச்சிலோ தலைச்சுற்று, குமட்டல், குதிகால் வெடிப்பு எல்லாமே பித்தம். 1961-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ‘ஆயுர்வேதம்’ என்ற சொல்லுக்குள் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை அனைத்தையும் அடக்கியது. நிர்வாகத்துக்கு வசதியான அந்தப் பொதுப்பெயருக்குள் ஒரே சொல்லுக்கு வேறுவேறு பொருள் கொண்ட மரபுகள் அருகருகே இருக்கின்றன.

காய்ச்சலின் பெயர்களில் ஒரு நுட்பமான கண்ணி உண்டு. இலங்கையில் டைபாய்டுக்கு ‘நெருப்புக் காய்ச்சல்’ என்று பெயர். ‘புள்ளைக்கி நெருப்பாக் காயிது’ என்று தாய் சொல்வது வெப்பத்தின் அளவை. ஒன்று நோயின் பெயர், மற்றது உவமை. தாதி இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் பரிசோதனை வழி மாறிப்போகும்.

வயல் மருந்தும் வைத்திய மருந்தும்

இந்த நெல் மாவட்டத்தில் மிகக் கனமான சொல் ‘மருந்து’. வைத்தியரிடம் போவது ‘மருந்தெடுக்கப் போறது’. வயலில் பூச்சிக்குத் தெளிப்பது ‘மருந்தடிக்கிறது’. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயற்பகுதிகளில் இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே அலுமாரியில் இருக்கும். ‘மருந்து குடிச்சிட்டார்’ என்று நடுங்கும் குரலில் ஒருவர் சொன்னால் ஊருக்கே புரியும், அது வைத்திய மருந்து அல்ல என்று.

இலங்கையில் தற்கொலை வீதம் 1995-இல் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. பெருமளவு மரணங்களுக்குப் பூச்சிகொல்லிகள் காரணமாயின. அதே ஆண்டில் மிக நச்சுத்தன்மை கொண்ட வகைகளும், 1998-இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பராகுவாட், டைமெதோவேட், பென்தியன் ஆகியனவும் தடைசெய்யப்பட்டன. வீதம் மூன்றில் இரண்டுக்கும் மேல் குறைந்தது. உலகின் பொதுச் சுகாதார வரலாற்றில் பேசப்படும் வெற்றி இது. கணநேரத் துயரத்தில் கைக்கு எட்டும் பொருளின் நச்சுத்தன்மை குறைந்தால், அந்த நேரத்தைக் கடந்து உயிர் பிழைக்கிறவர்கள் பெருகுகிறார்கள்.

ஆனால் விபத்தாகவோ வேறு விதமாகவோ நஞ்சு உடலில் சேர்ந்தவர் வந்ததும் மருத்துவருக்கு ‘மருந்து’ என்ற சொல் போதாது. கரிமப் பாஸ்பரஸ் வகை என்றால் அட்ரோபின் கொடுக்க வேண்டும், பிராணவாயுவும் தேவை. பராகுவாட் என்றால் அதே பிராணவாயு நுரையீரலின் சேதத்தைக் கூட்டக்கூடும். ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான சிகிச்சைகள் ஒளிந்திருக்கின்றன. கொள்கலனைக் கையோடு கொண்டுவரச் சொல்வது இதனால்தான். சொல் பிரிக்காததைச் சீட்டில் உள்ள பெயர் பிரித்துக் காட்டும்.

பண்டைய கிரேக்கத்தில் ‘பார்மகோன்’ மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறித்தது. அளவே இரண்டையும் பிரிக்கிறது என்ற அறிவு மனித குலத்துக்குப் பொதுவானது. நம் சொல்லும் அந்த அறிவைத்தான் தாங்கி நிற்கிறது.

வீட்டில் புழங்கும் அரபு

முஸ்லிம் ஊர்களின் மருத்துவச் சொற்களில் மார்க்கச் சொற்களுக்குப் பெரிய இடம் உண்டு. ‘சுன்னத்து’ என்றால் நபிகளாரின் வழிமுறை முழுவதும். மக்கள் பேச்சில் அது ஆண் பிள்ளைகளின் விருத்தசேதனத்தையும் குறிக்கும். சத்திரசிகிச்சைப் படிவத்தில் அதற்கு வேறு பெயர், வீட்டில் அது ஒரு வைபவம்.

இதைவிட முக்கியமானது பெண்களின் இரத்தப்போக்கு பற்றிய சொற்கள். மார்க்கச் சட்டம் மூன்று வகையைப் பிரிக்கிறது: மாதவிடாயான ‘ஹைளு’, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் ‘நிபாஸ்’, இவ்விரண்டிலும் சேராத ‘இஸ்திஹாளா’. தொழுகை, நோன்பு யாவும் இந்தப் பிரிவைச் சார்ந்திருப்பதால் ஓதிய பெண்கள் நாள் கணக்கை நுணுக்கமாக அறிந்திருப்பார்கள். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மரபில் நிபாஸ் வழமையாக நாற்பது நாள், கூடியது அறுபது நாள். வீட்டில் ‘நாப்பது’ என்றாலே பேற்றுக்குப் பின்னான அந்தக் காலம் என்று பொருள்.

இங்கே ஒரு பொறியும் ஒரு வாய்ப்பும் சேர்ந்திருக்கின்றன. நிபாஸ் என்ற சொல் எத்தனை நாள் என்று சொல்லும், எவ்வளவு இரத்தம் என்று சொல்லாது. அளவுக்கு மீறிப் போனாலும் ‘அது நிபாஸ்தானே’ என்று பொறுத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. ஆனால் ‘இஸ்திஹாளா’ என்ற மூன்றாவது சொல் இருக்கிறதே, வழக்கத்துக்கு மாறான போக்குக்கென்று ஒரு தனிப்பெயரை இந்தப் பெண்கள் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறார்கள். அப்படி ஏற்பட்டால் தொழுகை பற்றி மார்க்கம் கற்ற ஆலிமாவிடம் கேட்பதோடு வைத்தியரிடமும் காட்ட வேண்டும் என்று மருத்துவமாது ஒரு வசனத்தில் இணைத்துவிடலாம். பல மணிநேரச் சுகாதாரப் பாடத்தைவிட அந்த வசனம் ஆழமாய்ப் பதியும்.

சொல்லைப் பிரித்தறியாததால் வந்த பெரும் காயமும் எங்களுக்கு உண்டு. கொவிட் காலத்தில், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, தொற்றால் இறந்தவர்களின் உடலைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி நீடித்தது. அரச மொழியில் அது ‘சடலம்’, அப்புறப்படுத்த வேண்டிய ஒன்று. எங்கள் வீடுகளில் அது ‘ஜனாஸா’. அந்தச் சொல்லுக்குள் உடலோடு சேர்த்து, குளிப்பாட்டுதல், கபன் இடுதல், தொழுகை, அடக்கம் என்ற நான்கு கடமைகளும் இருக்கின்றன. ஒரு சொல்லை மற்றதால் மாற்றியபோது அந்தக் கடமைகள் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை எத்தனையோ குடும்பங்கள் அந்த வேதனையைச் சுமந்தன.

உம்மா என்ற சொல் பயணித்த தூரம்

பத்தாம் நூற்றாண்டில் அலி இப்னு அல்அப்பாஸ் அல்மஜூஸி என்ற பாரசீக மருத்துவர் அரபில் ஒரு பெரும் மருத்துவ நூலை எழுதினார். 1127-இல் அந்தியோக்கியாவில் ஸ்டீபன் என்பவர் அதை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அரபு மருத்துவர்கள் ‘மூளையின் உம்மு’ என்று பெயரிட்டிருந்தார்கள். போர்த்திக் காப்பவள் தாய். இலத்தீன் அதை அப்படியே பெயர்த்து ‘டியூரா மேட்டர்’, கடினமான தாய், என்றாக்கியது. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் மனனம் செய்யும் அந்தச் சொல்லுக்குள் எங்கள் பிள்ளைகள் வீட்டில் கூப்பிடும் ‘உம்மா’ இருக்கிறாள்.

புற்றுநோயைக் கிரேக்கரும் உரோமரும் அரபியரும் நண்டு என்றே அழைத்தார்கள். அரபில் ‘ஸரதான்’ நண்டையும் நோயையும் குறிக்கும். கால்களைப் பரப்பிப் பற்றிக்கொள்வதை அவர்கள் கண்டார்கள். தமிழ் கண்டது கறையான் புற்றை: உள்ளுக்குள் அரித்து வெளியே புடைப்பது. கலைச்சொல் ஆக்கும்போதும் மக்கள் தம் முற்றத்தில் பார்த்ததிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

தமிழில் நவீன மருத்துவம் எழுதும் முயற்சி இலங்கையிலேயே பெரும் அளவில் நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் நூல்கள் வெளிவரச் செய்தார். கிரேயின் உடற்கூற்றியல் 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. தலை முதல் கால் வரை பாடும் இலக்கிய மரபின் சாயலை அந்தப் பெயரில் காணலாம். சத்திரசிகிச்சை நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று பெயர்.

அடுத்த பெரிய முயற்சி எங்கள் பக்கத்து ஊர்க்காரருடையது. சாய்ந்தமருதுக்குத் தெற்கே இருக்கும் காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்த முயற்சியின் பயனாக 1938-இல் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பது கலைச்சொல்லாக்கத்தின் இலட்சியம். அறிவியலைத் தமிழில் எழுத அது இன்றியமையாதது.

பின்னர் கடலின் இரு கரைகளும் தனித்தனியே நடந்ததில் கலைச்சொல்லுக்குள்ளேயே இரட்டை வழக்குகள் தோன்றின. இங்கே குருதியமுக்கம், அங்கே இரத்த அழுத்தம். இங்கே சத்திரசிகிச்சை, அங்கே அறுவைச் சிகிச்சை. இங்கே குளிசை, அங்கே மாத்திரை. தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகள் இன்று கல்முனை வீடுகளின் கைபேசிகளில் ஓடுகின்றன. ‘தடிமன்’ எங்களுக்குச் சளிபிடித்தல், அவர்களுக்குப் பருமன் என்பது தெரியாமலே அறிவுரை கைமாறுகிறது.

ஊர்ச் சொல்லிலிருந்து தொடங்கும் அகராதி

இதுவரை வந்த மருத்துவச் சொல்லகராதிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை முதலில் வைத்துத் தமிழைத் தேடுபவை. நூல் எழுதுகிறவருக்கு அது உதவும். நோயாளியைக் கேட்கிறவருக்கு எதிர்த்திசையில் ஓர் அகராதி வேண்டும். ‘முட்டு’ என்ற ஊர்ச் சொல் முதலில் வர வேண்டும். அதன் கீழே அது சுட்டக்கூடிய நிலைகள், எந்த ஊரில் எந்தப் பொருள், முஸ்லிம் வீட்டு வழக்கு, தமிழ் வீட்டு வழக்கு, சிங்களப் பொருள், தமிழ்நாட்டுச் சொல். கடைசியாக, பொருளைப் பிரித்தறியக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. இந்தக் கடைசிப் பகுதிதான் அகராதியின் உயிர். ‘மருந்து’ என்ற சொல்லுக்குக் கீழே ‘வயலுக்கு அடிக்கிறதா, வருத்தத்துக்குக் குடிக்கிறதா? போத்தல் எங்க?’ என்றிருக்க வேண்டும். ‘வலி’க்குக் கீழே ‘நோகுதா, இழுக்குதா?’ என்றிருக்க வேண்டும்.

இதைச் செய்ய வெளியிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தமிழ், அரபு மாணவர்கள் மூத்தம்மாமாரின் மடியில் வளர்ந்தவர்கள். வீடு வீடாகப் போகும் மருத்துவமாதர்களின் நினைவில் ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. பரியாரிமாரிடமும் யூனானி வைத்தியரிடமும் இன்னும் பல உண்டு. மூத்த தலைமுறை மௌத்தாகும்போது சொற்களும் அவர்களோடு அடக்கமாகிவிடும். அதற்கு முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கலைச்சொல்லும் ஊர்ச் சொல்லும் பகையாளிகள் அல்ல. கலைச்சொல் நோயைப் பிற நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஊர்ச் சொல் நோயாளியின் வாயிலிருந்து அதை வெளியே கொண்டுவருகிறது. தமிழில் புண்ணும் ‘ஆறும்’, கொதித்த கஞ்சியும் ‘ஆறும்’, மனமும் ‘ஆறும்’. எங்கள் ஊரில் அவசரப்படாமல் பேசுவதற்கும் ‘ஆறுதலாச் சொல்லுங்க’ என்பதே சொல். வைத்தியசாலையில் அந்த மூத்தம்மாவின் கையைப் பிடித்து, ‘ஆறுதலாச் சொல்லுங்க உம்மா, எந்த இடத்துல நோகிது, கையால காட்டுங்க’ என்று ஒரு வைத்தியர் கேட்டால், அவர் உள்ளங்கையை மார்பின் நடுவில் வைத்துக் காட்டுவார். அடுத்து எடுக்க வேண்டிய ஈ.சி.ஜி. அந்தக் கையிலிருந்து தொடங்கும்.